சின்ன எழுத்தை வாசிக்காத மேய்ப்பன்



இந்த மாதச் செய்திக்கு யோசுவாவின் புஸ்தகம் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்குச் செய்தி. எனக்குப் பாவ அறிக்கை. தபாலில் வரும் இலவச விளம்பரம், கிரெடிட் கார்டு, மாதாமாதம் நமக்குத் தெரியாமல் போகும் பணம், இதெல்லாம் எழுப்புதல் செய்தியில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் ஆண்டவர் இந்தக் காரியத்தை வைத்துத்தான் என்னை முழங்காலில் நிறுத்தினார்.

1. கிபியோனியரின் அப்பம்

எரிகோ விழுந்தது. ஆயி விழுந்தது. அடுத்தது நாம்தான் என்று பயந்த கிபியோன் ஊரார் ஒரு தந்திரம் பண்ணினார்கள். கழுதைமேல் பழைய சாக்குகளைப் போட்டார்கள். கிழிந்து தைத்த துருத்திகள், ஒட்டுப்போட்ட செருப்புகள், காய்ந்து பூசணம் பிடித்த அப்பம். "ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். உண்மையில் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்!

இஸ்ரவேலின் தலைவர்கள் சும்மா நம்பிவிடவில்லை. கேள்வி கேட்டார்கள். கொண்டுவந்த ஆகாரத்தைக் கையில் வாங்கியும் பார்த்தார்கள். பூசணம் இருந்தது, சரிதான் என்று நினைத்தார்கள். ஆனால் அவர்கள் செய்யாமல் விட்ட ஒன்றை 14-ஆம் வசனம் காட்டுகிறது. இதைப்பற்றி கர்த்தரிடத்தில் அவர்கள் விசாரிக்கவில்லை. வந்தவன் காட்டியதை நன்றாகப் பார்த்தார்கள். அவன் காட்டாததைத் தேடவில்லை. ஆணையிட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து விஷயம் தெரிந்தது. அதற்குள் வாக்கு கொடுத்தாகிவிட்டது.

18-ஆம் வசனத்தையும் கவனியுங்கள். ஜனங்களுக்குத் தங்கள் தலைவர்கள்மேல் மனத்தாங்கல் உண்டாயிற்று. நியாயம்தானே? சரி என்று சொன்னது தலைவர்கள், சுமந்தது ஜனங்கள். வேதாகமக் கல்லூரியில் இந்த அதிகாரத்தைப் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது என்னைப்பற்றியது என்று 2024-ஆம் வருஷம்தான் தெரிந்தது.

2. ஆச்சி கொண்டுவந்த கவர்

நம் சபையில் எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடும் தாயாரை உங்களுக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தமிழ் வேதாகமத்தைத் தினமும் வாசிப்பார்கள், இங்கிலீஷ் தெரியாது. ஆச்சியும் மகனும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவர்களுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

2024 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் ஆச்சி ஒரு கவரை நீட்டினார்கள். "ஐயா, தபால்ல வந்துச்சு. முட்டு வலிக்கு மாத்திரை படம் போட்டிருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

வழவழப்பான தாள். பெரிய எழுத்தில் 'ஃப்ரீ' என்று மூன்று இடத்தில் போட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மாத்திரை இலவசம், தபால் செலவு 4.95 டாலர் மட்டும். கீழே பெயர், விலாசம், கார்டு நம்பர் எழுத ஒரு படிவம். தபால்தலை ஒட்ட வேண்டாத பதில் கவரும் கூடவே இருந்தது.

எனக்கு அன்று அவசரம். வேர்ஹவுஸில் ராத்திரி ஷிப்டு. "சும்மாதான் தர்றாங்க ஆச்சி. அஞ்சு டாலர்தான், போட்டுவிடுங்க" என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. மகன் தன் கணக்கில் அம்மாவுக்காக ஒரு கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஆச்சி அதைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அதிலிருந்த நம்பரை என் கையால் நானே படிவத்தில் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தையும் காட்டினேன். ஆச்சி தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் ஐயா" என்றார்கள்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு பத்தி இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. எபிரெய எழுத்தில் ஒரு புள்ளி மாறினால் அர்த்தமே மாறும் என்று படித்தவன் நான். ஒரு தாளைத் திருப்ப எனக்குப் பொறுமை இல்லை.

அதில் இருந்தது இதுதான்: முதல் பாட்டில் வந்து 15 நாளுக்குள் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லாவிட்டால், மாதம் ஒரு பாட்டில் அனுப்பப்படும், மாதம் 59.95 டாலர் கார்டிலிருந்து எடுக்கப்படும்.

3. நான் வாய் திறக்காத அந்தச் சாயங்காலம்

பாட்டில் மாதம் தவறாமல் வந்தது. ஆச்சிக்குச் சந்தோஷம். எல்லாம் பாஸ்டர் ஐயா பண்ணின ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு, முட்டு வலி உள்ள மற்ற சகோதரிகளுக்கும் கொடுத்தார்கள். ஜூன் மாதம் என் மனைவிக்கே ஒன்று வந்தது! ஒரு மாதம்தானே இலவசம், இது எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவன் நான். ஸ்தோத்திரம் சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தேன். கிபியோனியரின் அப்பம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, எனக்கு மணக்கவில்லை.

அந்தக் கோடையில் மகனுக்கு வேலை போயிற்று. செப்டம்பர் முதல் வாரம் ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவு பண்ண வேண்டிய நிலைமையில் அவர் பழைய ஸ்டேட்மென்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தார். மார்ச்சில் 4.95. பிறகு ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், ஐந்து மாதம் 59.95. மொத்தம் 304.70 டாலர். வீட்டில் சத்தம் எழும்பியது. "யார்கிட்டம்மா நம்பர் கொடுத்தீங்க?" என்று கேட்டதற்கு ஆச்சி, "நானேதான் எழுதிப் போட்டேன்" என்றார்கள். இங்கிலீஷில் ஒரு வரி எழுதத் தெரியாத ஆச்சி! என் பெயரை அவர்கள் சொல்லவேயில்லை. மகன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு ஆச்சி ஆராதனைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் விசாரிக்கப் போனேன். மகன் மரியாதையாக உட்கார வைத்து, ஸ்டேட்மென்டைக் காட்டி, "அம்மாவுக்கு நீங்களாவது சொல்லுங்க பாஸ்டர். கண்டவங்களுக்கு கார்டு நம்பர் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆச்சியைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்றபடியே தலையை லேசாக அசைத்தார்கள். சொல்லாதீங்க ஐயா என்று அர்த்தம்.

நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது மட்டுமா? "ஆமா ஆச்சி, இனிமே கவனமா இருக்கணும்" என்று புத்தியும் சொன்னேன். ஜெபம் பண்ணினேன். கொடுத்த காபியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

4. மௌனம் சம்மதமா?

அன்று ராத்திரி ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. ஆவியானவர் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். உனக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலைகுனிந்து நின்றால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று யார் கேட்டது? அந்தக் கம்பெனியும் அப்படித்தான். ஆச்சி வேண்டாம் என்று போன் பண்ணவில்லை, ஆகவே சம்மதம் என்று எழுதிக்கொண்டு 299.75 டாலர் எடுத்தது. நான் என்ன செய்தேன்? ஆச்சி தலையசைத்தார்கள், ஆகவே சம்மதம் என்று எழுதிக்கொண்டு, என் பழியை அந்த வயதான தாயார் கணக்கில் ஏற்றிவிட்டு வந்தேன். கம்பெனியாவது பொடி எழுத்தில் எழுதிவைத்தது. நான் அதுவும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். "தம்பி, அந்தப் படிவத்தை எழுதினது நான். சும்மா தர்றாங்கன்னு சொன்னதும் நான். நேத்து இங்க உட்கார்ந்து மறைச்சதும் நான்தான்." மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாமே பாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பத்துப் பிரசங்கம். அவர் எழும்பிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆச்சி என்னைப் பார்த்து, "ஏன் ஐயா சொன்னீங்க? நான் சுமந்துகிட்டுப் போயிருப்பேனே" என்று அழுதார்கள். "ஆச்சி, அடுத்தவன் பாவத்தைச் சுமக்க ஒருவர் போதும். அவர் கல்வாரியிலே சுமந்து முடிச்சிட்டார்" என்றேன். மூன்று பேரும் அழுதோம்.

ஆச்சி தன் வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்திருந்த விளம்பரத் தாளை எடுத்து வந்தார்கள். அன்றைக்குத்தான் அதன் பின்பக்கத்தை முதல்முறையாக வாசித்தேன். கம்பெனிக்குப் போன் பண்ணி ரொம்ப நேரம் காத்திருந்து சந்தாவை நிறுத்தினோம். கார்டு கொடுத்த வங்கிக்கு மகன் எழுத்துமூலம் ஆட்சேபணை அனுப்பினார். கம்பெனி சரியான பதில் கொடுக்காததால் ஜூலை, ஆகஸ்ட் மாதத்து 119.90 டாலரும் நவம்பரில் திரும்ப வந்தது. அதற்கு முந்தின மாதங்களுக்குச் சட்டம் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. மிச்சம் 184.80 டாலரை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சகேயு நாலு மடங்கு கொடுத்தான், நான் ஒரு மடங்குதான். அதையும் மகன் வாங்க மறுத்தார். ஆச்சிதான், "வாங்கிக்கோப்பா, ஐயா நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார்கள்.

5. இந்த வலை பின்னப்பட்ட விதம்

அதற்குப் பிறகு இந்தக் காரியத்தை உட்கார்ந்து படித்தேன். மேய்ப்பன் கண்ணியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த முறை புதிதல்ல. 1926-ல் நியூ யார்க்கில் 'புக் ஆஃப் தி மன்த் கிளப்' தொடங்கியது. அடுத்த புத்தகம் இது என்று முன்னறிவிப்பு வரும். வேண்டாம் என்று அட்டையைத் திருப்பி அனுப்பாவிட்டால் புத்தகமும் பில்லும் வீட்டுக்கு வந்துவிடும். கொலம்பியா ரெக்கார்டு கிளப் 1955-ல் ஆரம்பித்து இசைத்தட்டுகளை அதே வழியில் விற்றது. அந்தக் கொலம்பியா ஹவுஸ் வியாபாரம் 2015-ல் திவால் மனுவில் போய் முடிந்தது. இவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆசையாக வாங்கி வாசித்தவர்கள், கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சம்மதம் என்கிற வழியை நாட்டுக்குப் பழக்கினது இப்படிப்பட்ட கிளப்புகள்தான். வியாபாரத்தில் இதற்கு 'நெகட்டிவ் ஆப்ஷன்' என்று பெயர்.

1973-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தக் கிளப்புகளுக்கு ஒரு விதி போட்டது. வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்குக் குறைந்தது 10 நாள் கொடுக்க வேண்டும். ஆனால் அது முன்னறிவிப்பு அனுப்பும் கிளப்புகளுக்கான விதி. இலவசத்தில் ஆரம்பித்து மாதப் பணத்தில் முடியும் ஏற்பாடு அதற்குள் அடங்கவில்லை. இன்னொன்றும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் பில் வரும். நாம் செக் எழுதினால்தான் பணம் போகும். கார்டு நம்பர் கையில் போனபிறகு நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. தூங்கினாலும் பணம் போகும்.

எவ்வளவு போகும்? 2009-ல் செனட் கமிட்டி ஒன்று மூன்று கம்பெனிகளை விசாரித்தது. இன்டர்நெட்டில் ஒரு கடையில் பொருள் வாங்கியவரின் கார்டு விவரத்தை அந்தக் கடையே இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்ற, அவர்கள் மெம்பர்ஷிப் என்று மாதாமாதம் பணம் எடுத்தார்கள். கமிட்டியின் கணக்குப்படி 140 கோடி டாலருக்கு மேல். 2010-ல் வந்த சட்டம் அந்தக் கைமாற்றத்தைத் தடை பண்ணியது. இன்டர்நெட்டில் விற்கிறவர் நிபந்தனைகளை முன்னாலேயே தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, நிறுத்துவதற்குச் சுலபமான வழியும் வைக்க வேண்டும் என்றது. 2020 அக்டோபரில் மின்னசோட்டாவில் மேகசின் சந்தா மோசடி என்று 60 பேர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், அதில் ஏராளமானோர் முதியவர்கள், சுமார் 30 கோடி டாலர். ஆச்சியைப்போல ஒன்றரை லட்சம் பேர்!

பெரிய கம்பெனி என்றால் இந்தப் பேச்சு எழாது என்றும் நினைக்காதிருங்கள். பிரைம் சந்தாவில் ஜனங்களைச் சரியான சம்மதமில்லாமல் சேர்த்து, விலகுவதைக் கடினமாக்கியதாக டிரேட் கமிஷன் 2023-ல் அமேசான்மேல் வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அந்தக் கம்பெனி 250 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. விலகும் வழிக்குக் கம்பெனிக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று வழக்கு மனு சொன்னது. அது ட்ராய் யுத்தத்தைப் பாடும் நீண்ட கிரேக்க காவியத்தின் பெயர். வெளியே போகும் வாசலுக்கு வைக்கிற பெயரா இது!

6. ஒரே பையில் இரண்டு எடைக்கல்

வியாபாரி ஒரே பையில் பெரிய எடைக்கல் ஒன்றும் சின்ன எடைக்கல் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25:13-ல் கர்த்தர் கட்டளையிட்டார். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று. இன்றைக்குக் கல் இல்லை, எழுத்து இருக்கிறது. இலவசம் என்பதற்குப் பெரிய எழுத்து, விலை என்பதற்குப் பொடி எழுத்து. கர்த்தருக்கு அருவருப்பானது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

உத்தமமான வியாபாரம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் எரேமியா 32-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். எரேமியா தன் உறவினனிடத்தில் நிலம் வாங்குகிறான். விலை 17 சேக்கல் வெள்ளி. எல்லாரும் பார்க்கத் தராசில் நிறுக்கிறான். பத்திரம் எழுதுகிறான். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, யாரும் திறந்து வாசிக்கத்தக்க பத்திரம் ஒன்று. எருசலேம் முற்றுகையில் இருக்கிற நேரத்திலும், தான் காவலில் இருக்கிற நேரத்திலும் தேவ மனுஷன் பத்திரத்தில் அவசரப்படவில்லை. எனக்கோ வேர்ஹவுஸ் ஷிப்டு அவசரம்.

நம் தேவன் நம்மிடத்தில் எப்படி நடந்துகொண்டார்? ஏதேன் தோட்டத்தில் பழத்தைத் தின்றால் என்ன ஆகும் என்று முன்னாலேயே சொன்னார். நிபந்தனையை மறைத்து விற்றவன் சர்ப்பம். கண் திறக்கும் என்பதைப் பெரிதாகச் சொன்னான். சாவைப்பற்றிச் சொன்னதோ பச்சைப் பொய். ஆண்டவராகிய இயேசுவோ லூக்கா 14-ல், கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்றார். சிலுவை உண்டு என்று முதலிலேயே சொல்லித்தான் நம்மைக் கூப்பிட்டார். அல்லேலூயா!

சபையாரே, நம் வீட்டையும் பார்ப்போம். நம்மில் சிலர் போனில் சந்தா விற்கும் வேலையில் இருக்கிறீர்கள். உன் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை, தம்பி. ஆனால் வாசிக்கக் கொடுத்த தாளில் விலையை வேகமாகச் சொல்லித் தாண்டச் சொன்னால், அங்கே நிறுத்தி நிதானமாகச் சொல். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று நம் பேச்சு இருக்க வேண்டும் என்பது மத்தேயு 5:37-ல் கர்த்தர் வைத்த அளவு. ஊழியத்துக்கும் அதே அளவுதான். ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர் ஜெப உதவிக்கென்று கொடுத்த விலாசத்துக்கு அடுத்த மாதமே காணிக்கைக் கடிதம் அனுப்பினோமே, அதை அவர் கேட்டாரா? அந்தப் பழக்கத்தை நம் சபையில் நிறுத்திவிட்டோம். தேவனுக்கே மகிமை.

7. நீங்கள் செய்ய வேண்டியவை

ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு இருந்துவிடாதிருங்கள். நெகேமியா ஜெபமும் பண்ணினான், காவலும் வைத்தான்.

ஒன்று. தாளைத் திருப்புங்கள். 'ட்ரையல்', 'ஆட்டோமேட்டிக்', 'அன்லெஸ் யூ கேன்சல்' என்ற வார்த்தைகள் எங்கே இருந்தாலும் அது இலவசம் இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். தபால் செலவு கொஞ்சம்தான் என்று சொல்லிக் கார்டு நம்பர் கேட்கிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது அந்தத் தபால் செலவு அல்ல, நம்பர்.

இரண்டு. மாதாந்திர ஸ்டேட்மென்டை வரி வரியாக வாசியுங்கள். கிரெடிட் கார்டுக்கு 1974-ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் தவறான தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆச்சி மௌனமாக இருந்ததிலும் நாங்கள் யாரும் பார்க்காததிலும் மூன்று மாதப் பணம் இப்படித்தான் கைவிட்டுப் போயிற்று.

மூன்று. போனில் சொன்னால் மட்டும் போதாது, எழுதுங்கள். பணம் கட்டும் விலாசத்துக்கு அல்ல, 'பில்லிங் இன்கொயரீஸ்' என்று ஸ்டேட்மென்டில் போட்டிருக்கும் விலாசத்துக்கு அனுப்புங்கள். சர்டிஃபைடு தபாலில் அனுப்பி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 30 நாளுக்குள் கடிதம் கிடைத்தது என்று பதில் தர வேண்டும். அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை ஆட்சேபித்த தொகையைக் கட்ட வேண்டாம், மற்றதைக் கட்டிவிடுங்கள்.

நான்கு. டெபிட் கார்டு நம்பரை இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதிருங்கள். அதற்குச் சட்டம் வேறு. பணம் முதலில் உங்கள் பாங்கிலிருந்து போய்விடும், பிறகுதான் வழக்கெல்லாம்.

ஐந்து. கேட்காத பொருளைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பணம் கேட்டால் பயப்படாதிருங்கள். 1970-ஆம் வருஷச் சட்டப்படி அது உங்களுக்கு வந்த பரிசு. கட்டவும் வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு இது பொருந்தாது.

ஆறாவதுதான் முக்கியம். வெட்கப்பட்டு மறைக்காதிருங்கள். பெரிய கெட்டிக்காரர்களே விழுந்திருக்கிறார்கள். பிள்ளைகளே, உங்கள் தாய் தகப்பன் சொல்லும்போது சத்தம் போடாதிருங்கள். நீங்கள் சத்தம் போட்டால் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள். அந்த 60 நாளும் அந்தப் பயத்திலேயே கழிந்துபோகும்.

இந்த விஷயத்தில் என் தவறைச் சபை முன்னால் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் நாலு பேர் தனித்தனியே வந்தார்கள். ஒரு சகோதரர் இரண்டு வருஷமாகத் தான் வாசிக்காத மேகசினுக்குப் பணம் போகிறது என்றும், மனைவிக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிரசங்கம் கேட்டு வராதவர்கள் என் அறிக்கையைக் கேட்டு வந்தார்கள். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு மேசை போடுகிறோம். இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்து பெரியவர்களுக்கு வந்த தபாலையும் ஸ்டேட்மென்டையும் இரண்டு பக்கமும் தமிழில் வாசித்துச் சொல்லுகிறார்கள். ஆச்சிதான் எல்லாருக்கும் முன்னால் தன் கவர்களோடு வந்து உட்காருகிறார்கள்.

8. கதவைத் தட்டுகிற ஆண்டவர்

தேவ பிள்ளையே, கடைசியாக ஒன்று. வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ல் இயேசு எங்கே நிற்கிறார்? கதவுக்கு வெளியே. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறவன் திறக்கும்வரை காத்திருக்கிறார். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆகவே உள்ளே வந்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். உன் மௌனத்தை அவர் சம்மதமாக எழுதிக்கொள்வதில்லை. நீயே வாய் திறந்து, வாரும் ஆண்டவரே என்று சொல்ல வேண்டும் என்று விரும்புகிறார்.

அதனால்தான் இது பயமும் சந்தோஷமுமான காரியம். தகப்பன் விசுவாசி, மனைவி விசுவாசி, நான் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லையே என்று சபையின் பின் பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற சகோதரனே, உன் மௌனம் ஆண்டவரிடத்தில் சம்மதம் ஆகாது. இன்றைக்கே சொல். அவர் தரும் இரட்சிப்பு மெய்யாகவே இலவசம். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். அங்கேயும் எழுதியிருக்கிறது, விலை முழுவதும் கல்வாரியில் கட்டித் தீர்ந்தது என்று.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் உம் ஜனத்துக்காக அவசரமாகச் சரி என்று சொன்ன என்னை மன்னித்தீரே, ஸ்தோத்திரம். மறைத்து வைத்துத் தனியே அழுகிற ஒவ்வொருவருக்கும் இன்றைக்கு வாய் திறக்கத் தைரியம் தாரும். எங்கள் முதியோரைக் கண்ணிக்குத் தப்புவியும். எங்கள் பேச்சிலும் கையெழுத்திலும் வியாபாரத்திலும் பின்பக்கம் என்று ஒன்று இல்லாதபடி எங்களைச் சுத்திகரியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.

அடுத்த ஞாயிறு வரும்போது, வீட்டில் பிரிக்காமல் கிடக்கிற அந்தக் கவரையும் கையில் எடுத்து வாருங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதர ஊழியன்